ஜேர்மனியில் சிறுவர் இல்லத்தில் ஒரு வருடத் தொண்டர் சேவை: திருகோணமலையில் இருந்து எதை முதலில் தொடங்குவது?

சாம்பல்தீவு22:

எல்லாருக்கும் வணக்கம். ஜேர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிற சிறுவர் இல்லம் ஒன்றில் 12 மாதத் தொண்டர் சேவைக்கு என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். பி.எஃப்.டி என்று போட்டிருக்கு. செப்டெம்பர் 1 தொடக்கம், கிழமைக்கு 39 மணித்தியாலம், மாதம் 420 யூரோ கைச்செலவுக் காசு, இல்லத்துக்குள்ளேயே அறையும் சாப்பாடும். நாலு பக்க ஒப்பந்தம் மெயிலில் வந்திருக்கு, இல்லப் பொறுப்பாளர் கையெழுத்து வைத்திருக்கிறார்.

வயது 22. உயர்தரம் கலைப்பிரிவு. டொச் (ஜேர்மன் மொழி) ஏ2 சோதனை பாஸ், அதற்கு அடுத்த படியான பி1 வகுப்பு போய்க்கொண்டிருக்கு.

இந்த ஒப்பந்தத்தோடு எம்பசிக்குப் போகலாமா? திருமலையில் இருந்துகொண்டே என்னென்ன ஆவணம் எடுக்கலாம்? கொழும்பில் ஒருவர் "ஃபைல் செலவு" என்று 4 இலட்சம் கேட்கிறார், அது வழமையா? கடைசியாக, அங்கே உண்மையில் என்ன வேலை? அநாதைப் பிள்ளைகளைப் பார்ப்பது என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரைன்கரை:

தங்கச்சி, முதலில் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று எண்ணுங்கள்.

ஜேர்மனியில் 2011 யூலையில் கட்டாய இராணுவ சேவையை நிறுத்தி வைத்தார்கள். ஆயுதம் தூக்க விரும்பாதவர்கள் வைத்தியசாலைகளிலும் இல்லங்களிலும் செய்துவந்த சிவில் சேவையும் அதோடு நின்றது. அந்த வெற்றிடத்துக்கு அரசு கொண்டுவந்ததுதான் பி.எஃப்.டி, அதாவது கூட்டாட்சித் தொண்டர் சேவை. ஆகவே உங்களோடு ஒப்பந்தம் செய்வது இல்லம் அல்ல, ஜேர்மன் அரசு. கொலோனில் உள்ள கூட்டாட்சி அலுவலகம், ஆட்கள் பாஃப்ஸா என்பார்கள், அது கடைசியாகக் கையெழுத்து வைத்த பிறகுதான் அந்தத் தாளுக்கு உயிர். இப்போது உங்கள் கையில் இருப்பது அனேகமாகப் பாதி வழியில் நிற்கும் படிவம். நீங்கள் கையெழுத்து வைத்து இல்லத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அவர்கள் தங்கள் தலைமை நிறுவனம் ஊடாகக் கொலோனுக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து முழுமையான பிரதி வரும். அந்தப் பிரதி வருமுன் எம்பசியில் போய் நிற்பதில் பயனில்லை.

எஃப்.எஸ்.ஜே, அதாவது தன்னார்வ சமூக ஆண்டு, என்று இன்னொன்றும் இருக்கிறது. அது 27 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அதில் ஒப்பந்தம் அரசோடு இல்லை, காரித்தாஸ், டியகோனி, செஞ்சிலுவை போன்ற பொறுப்பு நிறுவனத்தோடு. வேலை ஒன்றுதான், தாள் வேறு. மெயிலில் ஒன்றை எழுதி ஒப்பந்தத்தில் மற்றதைப் போட்டிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்தில் எழுதுவதும் அதே பெயராகத்தான் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: தொடங்கும் திகதி, முடியும் திகதி, கிழமை மணித்தியாலம், விடுமுறை நாட்கள், 12 மாதத்துக்கு 25 கருத்தரங்கு நாட்கள், சமூகக் காப்புறுதி முழுவதையும் அவர்களே கட்டுவது. அறையும் சாப்பாடும் இலவசம் என்பது மெயிலில் இருந்தால் போதாது, ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 420 யூரோவில் வாடகையும் கட்டி எப்படிச் சீவிப்பாய் என்று எம்பசி கேட்கும், அது நியாயமான கேள்வியும்கூட. 420 நல்ல தொகைதான். கைச்செலவுக் காசுக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு, 2025இல் அது மாதம் 644 யூரோ. அந்த அளவுக்குக் கொடுக்கிற இடங்கள் குறைவு.

4 இலட்சம்: கொடுக்க வேண்டாம். உங்களுக்கு இடம் ஏற்கனவே கிடைத்துவிட்டது. தேசிய விசாவுக்கான கட்டணம் 75 யூரோ, அதை எம்பசியில் ரூபாயில் நீங்களே கட்டலாம். அதற்கு மேல் அவர் என்ன ஃபைல் தூக்கப் போகிறார்? "முதலில் சுற்றுலா விசாவில் போங்கோ, அங்க போய் மாத்தலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு பேச்சையே நிறுத்துங்கள். தேசிய விசா கொழும்பு 3, அல்பிரட் ஹவுஸ் அவெனியூவில் உள்ள எம்பசியில் விண்ணப்பித்து எடுத்துக்கொண்டு ஏற வேண்டியது.

இன்னொன்று இல்லத்திடம் கேளுங்கள்: இந்த இடம் வெல்ட்வேர்ட்ஸ் என்ற ஜேர்மன் அரசின் தொண்டர் பரிமாற்றத் திட்டத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு வரும் பிரிவுக்குள் வருகிறதா? அதற்குள் என்றால் விமானச் சீட்டும் மொழி வகுப்பும் திட்டத்தின் பொறுப்பு. சாதாரண பி.எஃப்.டி என்றால் விமானச் செலவு பொதுவாக உங்கள் தலையில்.

உவர்மலைக்காற்று:

ஊர்ப் பக்க வேலையளை நான் சொல்லுறன்.

எல்லாத்துக்கும் முதல் பேர். எங்கட ஆக்கள் அதிகம் அடிபடுற இடம் இதுதான். பிறப்புச் சான்றிதழில உங்கட பேர் மட்டும் இருக்கும், தகப்பன் பேர் வேற கூட்டில இருக்கும். பள்ளிக்கூடச் சான்றிதழில முதலெழுத்து முன்னுக்கு நிக்கும். பாஸ்போட்டில தகப்பன் பேர் குடும்பப் பேராப் போயிருக்கும். டொச்காரருக்கு குடும்பப் பேர், முன் பேர் எண்டு ரெண்டே ரெண்டு கூடுதான். இல்லத்துக்கு மெயில் எழுதேக்க உங்கட பேரை முதல் எழுதி தகப்பன் பேரைப் பிறகு எழுதியிருந்தா சரியா வந்திருக்கும்; மாறி எழுதியிருந்தா ஒப்பந்தத்தில நீங்கள் தகப்பன்ர பேரால கூப்பிடப்படுவீங்கள். பாஸ்போட்டை மேசையில வைச்சு, அதில இருக்கிற எழுத்து ஒவ்வொண்டையும் ஒப்பந்தத்தோட ஒப்பிட்டுப் பாருங்கோ. கொலோனுக்குப் போக முதல் திருத்துறது ஒரு மெயில். போன பிறகு திருத்துறது ஒரு மாசம்.

பிறப்புச் சான்றிதழ் பழைய மங்கின பிரதி எண்டா பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில புதுப் பிரதி எடுங்கோ. பிறப்பு வேற இடத்தில பதிஞ்சிருந்தா, அங்கயே எடுக்கலாமோ எண்டு முதல் கேளுங்கோ. ரெண்டு மூண்டு பிரதி எடுத்து வையுங்கோ, எம்பசிக்கு ஒண்டு, அங்க போன பிறகு ஒண்டு. மொழிபெயர்ப்பு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்ட, டொச்சுக்கோ இங்கிலீசுக்கோ எண்டதை எம்பசியின்ர பட்டியலைப் பாத்துச் செய்யுங்கோ. பாஸ்போட்டில உள்ள எழுத்துக்கூட்டலை மொழிபெயர்ப்பாளருக்கு முதலே குடுங்கோ. இல்லாட்டி அவர் தன்ர பாட்டுக்கு ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைச்சுப் போடுவார்.

பொலிஸ் நற்சான்று பொலிஸ் தலைமையகத்தின்ர இணையத்தளத்தில விண்ணப்பிக்கிறது. அங்கயிருந்து உங்கட பகுதிப் பொலிசுக்கு வரும், அவங்கள் விலாசத்தை விசாரிச்சு அனுப்புவாங்கள். வேற ஊரில நிண்டு படிச்சிருந்தா அந்த விலாசத்தையும் போட வேணும். இதை இப்பவே எடுக்க அவசரப்படாதேங்கோ. சிறுவர் இல்லங்கள் கனக்க இடத்தில மூண்டு மாசத்துக்கு உள்ளான சான்றைத்தான் கேக்கும். எந்தத் திகதிக்குள்ள வேணும் எண்டு கேட்டிட்டுச் செய்யுங்கோ.

இனி ஊசி. ஜேர்மனியில 2020 மார்ச் 1 தொடக்கம் ஒரு சட்டம்: 1970க்குப் பிறகு பிறந்த ஆர் எண்டாலும் சிறுவர் இல்லத்தில வேலை செய்ய வேணுமெண்டா சின்னமுத்துக்கு (மீசில்ஸ்) ரெண்டு ஊசி போட்ட ஆதாரம் காட்ட வேணும். காட்டாட்டி முதல் நாள் உள்ளுக்கே விடமாட்டினம். உங்கட வயதுக்காரருக்கு இங்க 9 மாசத்தில ஒண்டு, 3 வயதில ரூபெல்லாவோட சேத்து ஒண்டு போட்டிருக்கும். அம்மாவிட்ட கிளினிக் கொப்பியைக் கேளுங்கோ. ரெண்டு இடத்திலயும் திகதி இருக்கா எண்டு பாருங்கோ.

வானொலிப்பெட்டி:

மேலே சொன்னவற்றில் மொழி விடுபட்டிருக்கிறது. ஏ2 போதும் என்று இல்லம் சொல்லும், எம்பசியும் ஏற்கலாம். ஆனால் முதியோர் இல்லத்துக்கு ஏ2 ஓடும், சிறுவர் இல்லத்துக்கு ஓடாது. முதியவர் நீங்கள் விளங்காமல் நின்றால் இன்னொரு தரம் சொல்வார். எட்டு வயதுப் பிள்ளை அந்த இடைவெளியை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும்: "மற்ற அக்கா விடுறவ, டிவி பார்க்கலாம்." அதை மறுத்துச் சொல்ல உங்களிடம் வார்த்தை இருக்காது.

கேட்டே நிறுவனம் நடத்தும் பி1 சோதனை வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். ஒரு பகுதி தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். உங்களுக்கு முக்கியம் கேட்டலும் பேச்சும்தான். வகுப்பில் வரும் சுத்தமான டொச்சைப் பிள்ளைகள் பேசமாட்டார்கள், அதுவும் தெற்கே பவேரியப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். ஜேர்மன் சிறுவர் தொலைக்காட்சி கீக்காவின் செய்தி நிகழ்ச்சி லோகோவை நாளுக்குப் பத்து நிமிடம் பாருங்கள். பிள்ளைகளுக்கான மொழி, வேகமும் சரி.

குழுவீடு:

வேலை பற்றிய கேள்விக்கு ஒருவரும் வரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக.

வீட்டில் சொன்னதை முதலில் திருத்துங்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் அநாதைகள் அல்ல. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள். குடி, போதை, மனநோய், அடி, கவனிப்பின்மை என்று ஏதோ ஒரு காரணத்தால் யூகன்ட்அம்ட் எனப்படும் சிறுவர் அலுவலகம் பிள்ளையை அங்கே வைத்திருக்கிறது. சில பிள்ளைகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்வரும். ஞாயிறு பின்னேரம் திரும்பி வரும்போதுதான் கதவு அடிபடும், தட்டு உடையும். அன்றைக்கு நீங்கள் என்ன செய்தாலும் பிழையாகத்தான் இருக்கும். அது உங்கள் மேலுள்ள கோபம் இல்லை. ஆனால் "உன்ர அம்மா ஏன் இப்படி" என்ற மாதிரி ஒரு சொல் உங்கள் வாயில் இருந்து வரக்கூடாது. அடி வாங்கிய பிள்ளைகூடத் தாயை விட்டுக்கொடுக்காது.

பெரிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்ட இல்லத்தை மனதில் வைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இப்போது எல்லாம் குழுவீடுதான். எட்டு முதல் பத்துப் பிள்ளைகள், ஒரு குசினி, ஒரு இருப்பறை, முறை மாறி வரும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒருவர் பொறுப்பு. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய திட்டத்தை அவரும் சிறுவர் அலுவலகமும் பெற்றோரும் கூடிப் பேசுவார்கள், உங்களுக்கு அதில் இடமில்லை.

உங்கள் நாள் எப்படி இருக்கும் என்றால்: ஆறேகால் அளவில் பிள்ளைகளை எழுப்புவது. யாருடைய படுக்கையாவது நனைந்திருந்தால் மற்றவர்கள் பார்க்குமுன் விரிப்பை உருவி மெஷினில் போடுவது, அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல். பிறகு சாப்பாட்டுப் பெட்டி. இது சின்ன வேலை மாதிரித் தெரியும். இரண்டு பாண் துண்டு, நடுவில் சீஸ் அல்லது சலாமி, பக்கத்தில் வெள்ளரிக்காய் அல்லது அப்பிள் துண்டு. எட்டுப் பெட்டி, எட்டு விதம். பன்றி சாப்பிடாத பிள்ளை, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, கடலை பட்டாலே மூச்சடைக்கும் பிள்ளை. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கும், முதல் மூன்று கிழமை நினைவை நம்பாமல் அதைப் பார்த்தே கட்டுங்கள். கடலை வெண்ணெய் பூசிய கத்தியைத் துடைத்துவிட்டு அடுத்த பாணில் வைப்பதுதான் வழமையான பிழை. கத்தியைக் கழுவ வேண்டும்.

பகலில் பிள்ளைகள் பள்ளியில். உடுப்புத் தோய்ப்பது, கடைக்குப் போவது, சமையலுக்கு உதவி. பின்னேரம் வீட்டுப்பாடம், பல் வைத்தியர், உதைபந்துப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுவது. முறை மாறும்போது கைமாற்றுப் பேச்சு நடக்கும், ஊபர்காபெ என்பார்கள். பதினைந்து இருபது நிமிடம், அதைத் தவறவிடாதீர்கள். யார் இன்று வெளியே போகக்கூடாது, யாருக்குத் தாய் போன் எடுக்கவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

செய்யக்கூடாதவை செய்ய வேண்டியவற்றை விட முக்கியம். தொண்டர் ஊழியருக்குப் பதிலாள் அல்ல, சட்டமே அப்படித்தான். ஆள் குறைவு என்று இரவில் உங்களைத் தனியே ஒரு குழுவோடு விட்டால் அது பிழை. இல்லத்தில் சொல்லுங்கள், சரிவராவிட்டால் கருத்தரங்கு நடத்தும் உங்கள் துணைப்பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மருந்து கொடுக்கக்கூடாது, காய்ச்சல் பாணிகூட. ஊரில் இருந்து கொண்டுபோகிற சித்தாலேபத்தைத் தடிமன் பிடித்த பிள்ளையின் நெஞ்சில் பூச நமக்குக் கை துடிக்கும். பூசக்கூடாது, சின்னப் பிள்ளைக்குக் கற்பூரம் சேர்ந்த தைலம் மூச்சுக்கு ஆபத்து, உங்களுக்கு அது வேலையே போகிற விஷயம்.

திருமலைக் கடலில் நீந்தி வளர்ந்தவர் என்றாலும் பிள்ளைகளை நீச்சல் தடாகத்துக்குத் தனியே கூட்டிப்போக முடியாது. பல இல்லங்கள் அதற்கு உயிர்காப்பு நீச்சல் சான்று, குறைந்தது வெண்கலத் தரம், கேட்கும். பிள்ளைகளின் படம் உங்கள் போனில் இருக்கவே கூடாது, அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. உங்கள் காசில் பிள்ளைக்குச் சொக்லேட் வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்: ஒன்றுக்குக் கொடுத்தால் ஏழு பிள்ளை கணக்கு வைத்திருக்கும்.

கட்டிப்பிடிப்பது பற்றி: பிள்ளை தானாக வந்தால் ஒதுக்க வேண்டாம், நீங்களாகப் போய்த் தூக்க வேண்டாம், அறைக்கதவு திறந்தே இருக்கட்டும். வந்த முதல் நாளே கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து நெகிழ்ந்துவிடாதீர்கள். பல கைகள் மாறிய பிள்ளை யாரிடமும் அப்படித்தான் போகும். நீங்கள் 12 மாதத்தில் புறப்படப் போகும் ஆள் என்பது அதற்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். "எப்பவும் உன்னோட இருப்பன்" என்று விளையாட்டுக்கும் சொல்ல வேண்டாம். போகும் திகதியைக் குழுவின் நாட்காட்டியில் பிள்ளைகளோடு சேர்ந்தே குறித்து வைக்கும் இல்லங்கள் நல்ல இல்லங்கள்.

ஒரு வசனத்தை மட்டும் விமானத்தில் ஏறுமுன் பாடமாக்குங்கள்: "இஹ் ஃப்ராக குர்ட்ஸ் நாஹ்." ஒருக்கா கேட்டிட்டு வாறன் என்று அர்த்தம். பிள்ளை எதைக் கேட்டாலும், விடை தெரியாவிட்டால் இதுதான் பதில்.

சாம்பல்தீவு22:

எல்லாருக்கும் நன்றி. கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், கொலோன் அலுவலகத்தின் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கு. இன்றைக்கே கையெழுத்து வைத்து அனுப்புகிறேன்.

கிளினிக் கொப்பியில் ஒரு பிரச்சினை. 9 மாத ஊசிக்குத் திகதி இருக்கு, 3 வயதுக்கு உரிய இடம் தண்ணீர் பட்டு அழிந்திருக்கு. முன் அட்டையில் என் பெயரும் இல்லை, அம்மாவின் பெயரும் "பிள்ளை" என்றும்தான் எழுதியிருக்கு. இதை ஏற்பார்களா? மற்றது, ஓகஸ்ட் 28இல் போய் இறங்கினால் பிரச்சினை இருக்கா? அறை அன்றைக்கே தருவார்களாம்.

உவர்மலைக்காற்று:

ஏற்கமாட்டினம், ஆனா பயப்பிட ஒண்டுமில்ல. ரெண்டு வழி இருக்கு. சின்னனில ஊசி போட்ட கிளினிக் எந்த எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவோ, அங்க பழைய பதிவு இருக்கா எண்டு குடும்பநல உத்தியோகத்தரைக் கொண்டு தேடிப்பாக்கலாம். இருந்தா, உங்கட முழுப்பேரும் பிறந்த திகதியும் ரெண்டு ஊசித் திகதியும் போட்டு இங்கிலீசில ஒரு கடிதம், முத்திரையோட.

பதிவு இல்லாட்டித் தேடி நாளை வீணாக்காமல் இப்ப ரெண்டு ஊசியும் திரும்பப் போடுங்கோ. எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா மூண்டுக்கும் சேத்த ஊசி), ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில குறைஞ்சது நாலு கிழமை. முதலே போட்டவைக்கு மேலதிகமாப் போட்டா கெடுதி இல்ல. கர்ப்பமா இருக்கிறவையும் நோயெதிர்ப்புச் சக்தி நல்லாக் குறைஞ்சவையும் போடக்கூடாது. ஊசி வேண்டாம் எண்டா ரத்தத்தில சின்னமுத்து ஐ.ஜி.ஜி (எதிர்ப்புப் புரதம்) பாக்கலாம், எதிர்ப்புச் சக்தி இருக்கெண்டு வைத்தியர் எழுதித் தந்தா அதுவும் சட்டப்படி செல்லும். கொப்பியில பேர் எழுதாத இடத்தில நீங்களே பேனையால எழுதிப் போடாதேங்கோ. மை புதுசு எண்டு பாத்த உடன தெரியும்.

ரைன்கரை:

28க்குப் போகலாம். ஆனால் பி.எஃப்.டி சுகாதாரக் காப்புறுதி ஒப்பந்தத் திகதியில், அதாவது செப்டெம்பர் 1இல்தான் தொடங்கும். நடுவில் உள்ள நாட்களுக்குப் பயணக் காப்புறுதி எடுத்து, அதன் தாளை விசா விண்ணப்பத்தோடு வையுங்கள். விசாவின் தொடக்கத் திகதியையும் 28க்கு அல்லது அதற்கு முன்னர் கேளுங்கள். செப்டெம்பர் 1 என்று ஒட்டித் தந்தால் அதற்கு முன் இறங்க முடியாது. விசா கையில் வருமட்டும் மாற்ற முடியாத விமானச் சீட்டு வாங்க வேண்டாம். என் கணக்கில் மே மாதத்துக்குள் விண்ணப்பம் எம்பசிக்குள் போயிருக்க வேண்டும்.

போன பிறகு இரண்டு கிழமைக்குள் ஊர்ச் சபை அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் தரும் உறுதிக் கடிதம் தேவை, இங்கே வீட்டுக்காரர் அந்த இல்லமேதான். இறங்கிய அன்றே கேட்டு வாங்குங்கள். பதிந்தால்தான் வரி இலக்கம் தபாலில் வரும், வங்கிக் கணக்கும் இழுபடாமல் திறக்கும். ஜேர்மன் பொலிஸ் சான்றின் விரிவான வகையையும் இல்லம் கேட்கும், ஊரில் எடுத்தது அதற்குப் பதில் ஆகாது. அதற்கான விண்ணப்பமும் அதே அலுவலகத்தில்தான். தொண்டர் சேவை என்று இல்லம் ஒரு கடிதம் தந்தால் கட்டணம் இல்லை. முதல் கைச்செலவுக் காசு கணக்கில் விழ மாதக் கடைசியாகலாம், கையில் 300 யூரோ அளவில் வைத்துக்கொண்டு போங்கள்.

குழுவீடு:

இன்னும் ஒன்று, சாவி. முதல் நாளே ஒரு சாவி தருவார்கள், அதே சாவி முழுக் கட்டிடத்தையும் திறக்கும். அது தொலைந்தால் எல்லாப் பூட்டும் மாற்ற வேண்டி வரலாம், கணக்கு ஆயிரங்களில் போகும். உங்களுக்குப் பொறுப்புக் காப்புறுதி போட்டிருக்கிறார்களா, அதில் சாவி இழப்பும் சேருமா என்று கையெழுத்து வைத்து அனுப்பும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.